அழிப்பான் எழுதிய அறிக்கை!

பல்லாயிரவர் அமர்ந்து பந்தாட்டம் காண்பதற்கென்று எழுப்பப்பட்ட மாபெரும் அரங்கம். அன்று அங்கே பந்தாட்டம் இல்லை. பள்ளி ஆசிரியர்களின் பெருங்கூட்டம்! குறித்த இலக்கை எட்டிய பள்ளிகளின் ஆசிரியர்கள், மேடைக்கு எதிரே தரைத்தளத்தில், மாப்பிள்ளை வீட்டார் போல் அமர்ந்திருக்கிறார்கள். எட்டாத பள்ளியினர் எங்கே? அதோ, தொலைவிலே, படிவரிசையிலே, பந்திக்கு அழைக்கப்படாத ஏழை உறவினர் போல் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்!

நாடகக்காரன் நான், காட்சியொன்று புனைந்துவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! நடந்த நிகழ்ச்சி இது. அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா மாநிலத்திலே, அட்லாண்டா மாநகரிலே, ஜார்ஜியா டோம் எனும் விளையாட்டரங்கிலே நடந்த காட்சி. அரங்கின் ஒளியை மட்டும் கண்டவர்கள் கைதட்டினார்கள். அந்த ஒளிக்குப் பின்னே இருந்த இருட்டறையைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை அன்றாடம் நடத்துவது வாஷிங்டனில் வீற்றிருக்கும் அரசு அல்ல. 'பள்ளி மாவட்டம்' என்றோர் அமைப்பு உண்டு. ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள். பெரும்பாலும் மக்களே வாக்களித்து அமைக்கும் வாரியம் உண்டு. அந்த வாரியம் அமர்த்தும் கண்காணிப்பாளர் உண்டு. வீட்டுக்கும் மனைக்கும் மக்கள் கட்டும் வரியிலிருந்து கணிசமான பணம் உண்டு. எனவே மாவட்டம் குடும்பங்களுக்கு அவ்வப்போது மடல் விடுக்கும். இன்ன திட்டம் தொடங்கினோம், இன்ன கட்டடம் செப்பனிட்டோம், இத்தனை விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர் என்று தெரிவிக்கும்.

நல்ல வழக்கம். வாயாரப் பாராட்டுகிறேன். வரி கொடுத்தவனுக்குக் கணக்குக் கொடுப்பதும், பிள்ளையை ஒப்படைத்தவளுக்குப் பதில் சொல்வதும் மக்களாட்சியின் மாண்பு. ஆனால், கணக்குக் கொடுக்க வேண்டிய இடத்திலே கதை சொன்னால்? பதில் கேட்டவளுக்குப் பாமாலை அனுப்பினால்? அந்த மடல் அறிக்கையல்ல, தோழர்களே, அரிதாரம்!

2002ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. எந்தக் குழந்தையும் பின்தங்க விடப்படலாகாது என்பது அதன் பெயரின் பொருள். பெயரைக் கேட்டால் நெஞ்சு குளிரும். 2014ஆம் ஆண்டுக்குள் வாசிப்பிலும் கணக்கிலும் நூற்றுக்கு நூறு மாணவர்களும் தேர்ச்சி காட்ட வேண்டும். காட்டாத பள்ளிமீது நடவடிக்கை பாயும். ஏழைக் குழந்தைக்கு இன்னும் இரண்டு ஆசிரியர் தருவோம் என்று தொடங்கியிருக்கலாம். அதைவிட, எண் ஏறாவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சமே உரக்க ஒலித்தது.

அட்லாண்டாவில் எண் ஏறியது! பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்துக் குழந்தைகள். ஏழைக் குடும்பங்களின் செல்வங்கள். அவர்கள் ஆண்டுதோறும் முன்னேறுகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. 1999இல் கண்காணிப்பாளராக வந்த பெவர்லி ஹால் அம்மையார், 2009இல் அமெரிக்க நாட்டின் ஆண்டின் சிறந்த கண்காணிப்பாளர் எனும் விருது பெற்றார். மதிப்பெண் உயர்வைச் சார்ந்து அவர் பெற்ற ஊக்கத்தொகை, தம் பதவிக்காலத்தில் 5 லட்சம் டாலருக்கும் அதிகம். வணிகச் சீமான்கள் வாழ்த்தினார்கள். ஏழையும் எழுந்துவிட்டான் என்று கேட்டால் யாருக்குத்தான் மகிழ்ச்சி பிறக்காது?

மகிழ்ச்சி பிறக்காத தாய் ஒருத்தி இருந்தாள். அவளுடைய மகள் மூன்றாம் வகுப்பு. வகுப்பறையிலே வாசிப்பில் கடைசி மதிப்பெண் பெற்றவள், மாநிலத் தேர்விலே உச்சத்தில் தேறினாள்! பெற்றவள் பூரித்துப் போகவில்லை, ஐயுற்றாள். பள்ளியிடம் கேட்டாள், கண்காணிப்பாளர் வரையிலும் சென்று கேட்டாள். அவள் ஐயத்தைத் தீர்க்கும் விடை கிடைக்கவில்லை. ஆண்டுகள் உருண்டு, ஒன்பதாம் வகுப்பிலே அந்தப் பெண் நின்றபோது, அவள் வாசிப்புத் திறன் ஐந்தாம் வகுப்பின் அளவிலே நின்றது. சான்றிதழ் சொன்னது ஒன்று. சிறுமியின் நாவு சொன்னது வேறொன்று!

மாயம் என்ன? மந்திரம் என்ன? மாணவனின் பை தோறும் கிடக்கும் சிறு ரப்பர்த் துண்டு! தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். விடைத்தாள்கள் போகவில்லை. பூட்டிய அறையிலே, சன்னல் இல்லாத அறையிலே, தேர்ந்தெடுத்த ஆசிரியர்கள் அமர்ந்து தவறான விடைகளை அழித்தார்கள்; சரியான விடைகளைத் தீட்டினார்கள். ஒரு பள்ளியினர் விடைத்தாள்களை வீட்டுக்கே எடுத்துச் சென்று, வார இறுதி விருந்து போல் கூடித் திருத்தினார்கள். தலைமையாசிரியை ஒருவர் விடைத்தாளைக் கையுறை மாட்டிக்கொண்டு கையாண்டார் என்றது குற்றச்சாட்டு. கல்விக்கூடத்திலே கையுறை! கன்னக்கோல் ஒன்றுதான் குறை!

'அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிடியூஷன்' எனும் நாளேடு நம்பத்தகாத எண்களைத் தொடர்ந்து அம்பலப்படுத்தியது. 2010இல் வணிகப் பிரமுகர்கள் இடம்பெற்ற குழுவொன்று ஆராய்ந்து, ஐயம் பெரிதும் பன்னிரண்டு பள்ளிகளோடு அடங்கும் என்றது. அது போதாது என்று ஒதுக்கிய ஆளுநர் சோனி பெர்டியூ, தனி விசாரணையாளர்களை அமர்த்தினார். 2011 ஜூலையில் வந்த அவர்களுடைய அறிக்கை சொன்னது: ஆராய்ந்த பள்ளிகள் 56, முறைகேடு கண்ட பள்ளிகள் 44, தொடர்புடைய கல்வியாளர்கள் 178, அவர்களில் தலைமையாசிரியர்கள் 38, ஒப்புக்கொண்டவர்கள் 82.

பன்னிரண்டு எங்கே, நாற்பத்து நான்கு எங்கே! புகழ்ந்தவர்களே புலன் விசாரித்தால் புள்ளி எப்படிக் குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆசிரியர்கள் ஏன் செய்தார்கள்? பிறவியிலே திருடர்களா? இல்லை. மதிப்பெண் குறைந்த வகுப்பின் ஆசிரியை ஒருத்தியை, சக ஆசிரியர்கள் நடுவே மேசைக்கடியில் ஊர்ந்து செல்லும்படி தலைமையாசிரியர் ஏவினார் என்று பதிவு செய்திருக்கிறது அந்த அறிக்கை. அச்சமும் மிரட்டலும் ஆட்சி புரிந்தன என்றும் எழுதியிருக்கிறது. உண்மை சொன்னவனுக்கு ஒறுப்பு. பொய் சொன்னவனுக்குப் பொற்கிழி! இப்படியொரு சந்தையைத் திறந்து வைத்தால், அங்கே எந்தச் சரக்கு விலைபோகும்?

2013இல் 35 பேர்மீது குற்றச்சாட்டு. கொள்ளைக் கும்பல்களை ஒடுக்க வந்த சட்டத்தின்கீழே ஆசிரியர்கள் நின்றார்கள். பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பன்னிரண்டு பேர் வழக்கை எதிர்கொண்டனர். 2015 ஏப்ரல் முதல் நாள் பதினொருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கண்காணிப்பாளர் அம்மையாரும் குற்றம் சாட்டப்பட்டவர், இறுதிவரை மறுத்தவர், நோயுற்றதால் விசாரணைக்கு வராமலே அதே ஆண்டு மார்ச்சில் மறைந்தார். மறைந்தவர்மீது தீர்ப்புரைக்க நான் யார்? ஆனால் அந்த முறையின்மீது தீர்ப்புரைக்க நம் எல்லோருக்கும் உரிமை உண்டு. அழித்த கைக்கு விலங்கு வந்தது. அழிக்கும்படி நெருக்கிய ஏற்பாட்டுக்கு எந்தச் சிறையும் கட்டப்படவில்லை!

இது யாருக்குச் செய்த துரோகம்? தேறாதவன் தேறாதவனாகவே காட்டப்பட்டிருந்தால் அவனுக்குத் தனிப்பயிற்சி கிடைத்திருக்கும். பின்தங்கிய பள்ளிக்கு உதவிப்பணம் வந்திருக்கும். பொய்யான உயர்வினால் ஒரு நடுநிலைப் பள்ளி மட்டும் 7,50,000 டாலர் உதவியை இழந்தது. அழிக்கப்பட்டது தாளிலிருந்த தவறு மட்டுமா? உதவி பெறும் உரிமையும் அல்லவா!

அட்லாண்டாவில் நடந்தது தனித்த விபத்தென்று யாரேனும் சொல்வாரேல், டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவைப் பார்க்கட்டும். அங்கே அழிப்பானும் தேவைப்படவில்லை. மாணவர்களையே அழித்தார்கள் கணக்கிலிருந்து! மதிப்பெண் குறைக்கக்கூடிய பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புத் தேர்வுப் பக்கமே வரவிடாமல் ஒதுக்கினார்கள். 'காணாமற்போனவர்கள்' என்று ஸ்பானிய மொழியிலே அவர்களுக்குப் பெயர் விழுந்தது. இந்த மோசடியோடு ஒப்பந்த மோசடியும் சேர்ந்து, அந்த மாவட்டத்தின் கண்காணிப்பாளருக்கு 2012இல் மூன்றரை ஆண்டுச் சிறை கிடைத்தது.

"அப்படியானால் தேர்வே வேண்டாமா? எண்ணே கூடாதா?" என்று கேட்பார்கள் சில கனவான்கள். வேண்டும், ஐயா, வேண்டும்! காய்ச்சல்மானி இல்லாமல் காய்ச்சலை அளப்பதெப்படி? ஆனால் நோயாளிக்கு மருந்து தராமல், காய்ச்சல்மானியைக் குளிர்ந்த நீரில் முக்கியெடுத்து, "குணமாயிற்று, காணிக்கை கொடு" என்று கேட்கும் வைத்தியனை ஊர் பொறுக்குமா?

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். என் தாளிலே விழுந்த சிவப்புக் கோட்டை எந்த ஆசிரியரும் எனக்கு மறைத்ததில்லை. அந்தக் கோடு அன்று சுட்டது. ஆனால் எனக்கு என்ன தெரியாது என்பதை எனக்குத் தெரிவித்தது. அந்த நேர்மையைக்கூட அட்லாண்டாவின் ஏழைச் சிறுமிக்கு மறுத்துவிட்டார்களே!

அட்லாண்டாக் கதை நமக்கேன் என்பீர்களோ? 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்கே வைத்திருக்கிறது. அந்த இடத்தில் அமர்பவர்கள் உங்கள் வீட்டார்; உங்கள் தெருவார். அவர்கள் கையிலும் அறிக்கை வரும். எந்த ஆட்சி தந்த அறிக்கையாயினும், நம்மவர் தந்ததாயினும், மூன்று கேள்வி கேளுங்கள். சென்ற ஆண்டு சொன்னதில் எது நடக்கவில்லை? பின்தங்கிய பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? இந்த எண்ணைச் சரிபார்த்தவர், இந்த எண்ணால் ஆதாயம் பெறாதவரா?

குறையை ஒப்புக்கொள்ளும் ஆசிரியரைத் தலைகுனிய வைக்காதீர்கள், தோள் கொடுங்கள். குறையே இல்லையென்று கூறும் அறிக்கையைக் கொண்டாடாதீர்கள். குழந்தையை அருகழைத்து, புத்தகத்தைக் கையிலே கொடுத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்தக் குரல்தான் உண்மை அறிக்கை. அதை எந்த அழிப்பானாலும் அழிக்க முடியாது!