மண்ணைப் படித்தவருக்கும் சான்றிதழ் வேண்டும்!



சிவகங்கை மாவட்டம் கீழடியில், 2023ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானைகளையும், மணிகளையும் மண்ணிலிருந்து எடுத்த கைகள் யாருடையவை தெரியுமா? அகழாய்வுக் குழியில் இறங்கி வேலை செய்தவர்களில் பலர், அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து தினக்கூலிக்கு வந்த அண்ணன்களும், அக்காக்களும்தான்.

'மண் தோண்டுவது பெரிய வித்தையா?' என்று நினைத்துவிடாதீர்கள். அகழாய்வில் கடப்பாரை போட்டுப் பெயர்க்க முடியாது. சின்னக் கொத்தால் மெல்லச் சுரண்ட வேண்டும். மண்ணின் நிறம் லேசாக மாறினாலும் கையை நிறுத்த வேண்டும். வட்டமாகக் கறுத்த மண், வீட்டுக்குக் கம்பு நட்ட குழியாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் வெட்டிவிட்டால், அந்த வீடு இருந்த தடயமே போய்விடும். ஒரே மண்ணை இரண்டாம் முறை தோண்ட முடியாதே!

தொல்லியல் அறிஞராக விரும்பினால், முதுகலைப் பட்டம் பெற்று, கிரேட்டர் நொய்டாவில் உள்ள மத்திய தொல்லியல் துறையின் கல்வி நிறுவனத்தில் பட்டயப் படிப்பு படிக்கலாம். காலத்தைக் கணிக்கவும், எழுத்துகளை ஆராயவும் அந்தப் படிப்பு அவசியம். ஆனால், குழிக்குள் இறங்கிப் பல ஆண்டுகள் கற்றதும் படிப்புதானே? அதற்கும் மதிப்பு வேண்டாமா?

எகிப்தில் குஃப்ட் என்ற ஊரில், பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆய்வாளர் 1893-94ல் அகழாய்வு செய்தார். அங்கே பழக்கிய உள்ளூர்க்காரர்களை மற்ற இடங்களுக்கும் அழைத்துச் சென்றார். அவர்களின் பிள்ளைகளும், பேரன்களும் அதே தொழிலில் தேர்ந்தார்கள். 'குஃப்டி' என்றாலே கைதேர்ந்த அகழாய்வுக்காரர் என்று பெயர் வந்துவிட்டது!

பிரிட்டனில் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. 'தொல்லியல் திறன் பாஸ்போர்ட்' என்று ஒரு சின்னப் புத்தகம். சுரண்டுவது, அளப்பது, வரைவது என்று ஒவ்வொரு வேலையைக் கற்றதும், மேற்பார்வையாளர் அதில் கையெழுத்துப் போடுவார்.

அப்படி ஒரு புத்தகத்தை நம் ஊர் அண்ணன், அக்காக்களுக்கும் கொடுக்கலாமே! அடுத்த அகழாய்வுக்குப் போகும்போது, 'எனக்கு இது தெரியும்' என்று நிமிர்ந்து காட்டலாம். திறமைக்கு ஏற்ற கூலியும் கேட்கலாம்.

அடுத்த முறை அருங்காட்சியகம் போனால், 'இது எந்தக் காலத்துப் பானை?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'இதை உடையாமல் எடுத்தவர் யார்?' என்றும் கேளுங்கள். பலரும் கேட்கக் கேட்க, அவர்கள் பெயரும் ஒருநாள் அங்கே இடம்பெறும்!