பிளவை உண்டாக்கியவர் யார்?

ஒரு நாட்டின் படை அயல்மண்ணிற் போர் புரியும்போது, அப்போரை உள்நாட்டில் எதிர்ப்போர் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு எக்காலத்தும் ஒன்றே. "இவர்கள் தேசத்தைப் பிளக்கிறார்கள், பகைவனுக்குத் துணை போகிறார்கள்" என்பதே அது. இக்குற்றச்சாட்டை இன்று நாம் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம். வியட்நாம் போரையும், அப்போரினால் இரண்டுபட்ட அமெரிக்காவையும் சாட்சிக்கு அழைக்கிறோம். அங்கே பிளவு ஏற்பட்டது உண்மை; அதனை மறுப்பார் இல்லை. அப்பிளவை உண்டாக்கியவர் யார் என்பதே வழக்கு.

1964 ஆகஸ்ட் 2ஆம் நாள், டொங்கின் வளைகுடாவில் 'மடொக்ஸ்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாமியப் படகுகள் தாக்கின. 4ஆம் நாள் மீண்டும் ஒரு தாக்குதல் நிகழ்ந்ததென ஜனாதிபதி ஜோன்சன் நாட்டுக்கு அறிவித்தார். 7ஆம் நாளே காங்கிரசின் இரு சபைகளும் தீர்மானம் நிறைவேற்றின. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 416, எதிர்த்தவர் ஒருவருமில்லை. செனட் சபையில் ஆதரவு 88, எதிர்ப்பு 2. தென்கிழக்காசியாவில் வேண்டிய நடவடிக்கை யாவும் எடுக்கும் அதிகாரம் இவ்வாறு ஒரே மனிதரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. போர்ப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரை காங்கிரசுக்கே வழங்குகிறது. ஆயினும் வியட்நாம் போருக்குப் பிரகடனம் என்பதே செய்யப்படவில்லை.

காணி விற்கும் கமக்காரன் எவனும் நொத்தாரிசின் முன்னிலையில் வெற்றுத் தாளிற் கையொப்பமிடான். எல்லையையும் அளவையும் விலையையும் வாசிக்கக் கேட்ட பின்னரே பேனாவைத் தொடுவான். இரண்டு பரப்புத் தோட்டக் காணிக்கு அவன் காட்டும் எச்சரிக்கையைத் தம் நாட்டு இளைஞரின் உயிருக்குக் காட்ட அம்மாபெரும் சபைகள் தவறின.

எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் ஒறெகன் மாநிலத்தின் வெயின் மோர்ஸ். சட்டக் கல்லூரியொன்றின் தலைவராக இருந்தவர். மற்றவர் அலாஸ்காவின் ஏர்னெஸ்ட் குரூனிங். 1968இல் இருவருமே தேர்தலில் தோற்றுத் தம் பதவிகளை இழந்தனர். பின்னர் உண்மை மெல்ல மெல்ல வெளிவந்தது. 4ஆம் நாள் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட தாக்குதல் நிகழவேயில்லை என்பதை, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் 2005இல் வெளியிட்ட தன் சொந்த ஆவணங்களே காட்டின. பொய்யான செய்தியின் மேல் ஒற்றுமையைக் கட்டியவர்கள் தேசபக்தர்கள். உண்மையைக் கேட்டவர்கள் பிளவுக்காரர்கள்! இது எந்த நீதி?

குற்றச்சாட்டு வாய்ச்சொல்லோடு நின்றதா? இல்லை. ஜோர்ஜியா மாநில சபைக்கு மக்களால் முறைப்படி தெரிவுசெய்யப்பட்ட ஜூலியன் பொண்ட் என்னும் கறுப்பின இளைஞர், போரை எதிர்த்த அறிக்கையொன்றை ஆதரித்தார். 1966 ஜனவரியில் அச்சபை 184க்கு 12 என்ற வாக்குகளால் அவருக்கு ஆசனம் மறுத்தது. அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய அவர் ஆயத்தமாகவே இருந்தார். அந்தச் சத்தியத்தை அவர் மனப்பூர்வமாகச் செய்ய மாட்டார் எனச் சபையினரே முடிவுகட்டினர். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உயர் நீதிமன்றம், அவரது பேச்சுரிமை மீறப்பட்டதென ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 1983இல் ஆறாம் திருத்தம் விதித்த சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழ்ப் பிரதிநிதிகள் தம் ஆசனங்களை இழந்த நாட்டில் வாழும் நமக்கு, இத்தீர்ப்பின் பெறுமதியை எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் பிரதிநிதிகளுக்கு அத்தகைய தீர்ப்பும் கிட்டவில்லை.

இனி, போரை எதிர்த்தோரிடமும் ஒரு கேள்வி கேட்டேயாக வேண்டும். பல்கலைக்கழகங்களிற் பயின்றோருக்குக் கட்டாயப் படைச்சேவையிலிருந்து தவணை கிடைத்தது. தொழிலாளியின் மகனுக்கும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தின் மகனுக்கும் அது எளிதிற் கிட்டவில்லை. 1970 மே 4ஆம் நாள் ஒஹாயோவின் கென்ற் பல்கலைக்கழகத்திற் படையினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு நான்கு மாணவர் பலியாயினர். அதைக் கண்டித்து நியூயோர்க்கிற் கூடிய மாணவரை, 8ஆம் நாள் கட்டடத் தொழிலாளர் கூட்டமாகச் சென்று அடித்தனர். அடித்தது கண்டிக்கத்தக்கதே. ஆயினும், தம் பிள்ளைகள் சேற்றிலும் காட்டிலும் சாகையில், தவணை பெற்ற பிள்ளைகள் தெருவில் முழங்குவதைக் கண்ட அவர்களின் உள்ளக் கொதிப்பு பொய்யன்று. அக்கொதிப்பு சென்றடைய வேண்டிய இடம் மாணவர் விடுதியல்ல. ஏழையின் பிள்ளையை முன்னும் வசதியுள்ளவன் பிள்ளையைப் பின்னும் நிறுத்திய அரசாங்கம். ஒரே நாட்டின் இளைஞரை இரு கூறாக வகுத்தது அந்தச் சட்டமன்றோ?

"படை களத்தில் நிற்கும்போது கேள்வி கேட்கலாகாது, வீரரின் மனவுறுதி குலையும்" என்பார் உளர். வீரரே இதற்கு விடை தந்தனர். 1971 ஏப்ரலில், வியட்நாமிலிருந்து மீண்ட நூற்றுக்கணக்கான போர்வீரர் காங்கிரஸ் மாளிகையின் முன் வரிசையாக வந்து தம் பதக்கங்களை வீசியெறிந்தனர். அவர்களையும் துரோகிகள் என்பீரோ?

"எதிர்ப்பே போரை நீட்டியது" என்பாரும் உளர். கணக்கைப் பார்ப்போம். 1964 முடிவில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 23,000. 1968இல் அத்தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. இவ்வாண்டுகளில் ஜனாதிபதி கேட்ட பணத்தையெல்லாம் காங்கிரஸ் தடையின்றி வழங்கிக்கொண்டேயிருந்தது. போரை வளர்த்தது அந்தப் பணிவே. முடிவில் 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அந்நாட்டுப் பொதுமக்களில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் உயிரிழந்தனர். அவர்களின் சாம்பலின் மேல் நின்றுகொண்டு ஒற்றுமையைப் பற்றிப் பேசுவோரை நாம் மதிக்க இயலாது.

டொங்கின் தீர்மானம் 1971இல் நீக்கப்பட்டது. 1973இல், ஜனாதிபதி நிக்சனின் மறுப்பையும் மீறி, போர் தொடுக்கும் அதிகாரத்துக்கு வரம்பிடும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றியது. ஆயினும் பாடம் நிலைத்ததா? 2001 செப்டெம்பர் 14ஆம் நாள் ஜனாதிபதிக்கு மீண்டும் பரந்த போர் அதிகாரம் வழங்கப்பட்டபோது, பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தனர். எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவரே. அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அடுத்த ஆண்டு ஈராக்குக்கு எதிரான போருக்கும் இரு சபைகளும் அதிகாரம் வழங்கின. 2003இற் போர் மூண்டது. போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் கிடங்குகள் அங்கே காணப்படவேயில்லை.

ஆகவே நமது தீர்ப்பு இதுவே: ஆதாரத்தை மறைத்து, ஆராய நேரம் தராது, அவசர அவசரமாக வாக்குப் பெற்று மக்களைப் போருக்கு இழுப்பவர்களே தேசத்தைப் பிளப்பவர்கள். அப்பிளவை வெளிப்படச் சொல்பவன் குற்றவாளியல்லன், அவன் சாட்சி. சாட்சியைக் கூண்டில் நிறுத்திவிட்டுக் குற்றவாளியை நீதிபதியின் ஆசனத்தில் அமர்த்தும் வழக்கம் எந்நாட்டில் நிலவினும் அதை எதிர்ப்பது நம் கடன். போர் கேட்டு வருபவன் எவனாயினும், எந்தக் கொடியை ஏந்தி வரினும், முதலில் ஆதாரத்தைக் காட்டு என்று கேட்போம். யாருடைய பிள்ளை போகப் போகிறான் என்றும் கேட்போம். விடை வரும்வரை நம் கையொப்பம் இல்லை.