யானைக்கும் அடி சறுக்குமா?

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம்மவர் பழமொழி. பெரியவன் ஒருவன் சிறியவனிடம் தோற்றான் என்ற செய்தி வந்தால் போதும்; படித்தவர், படியாதவர் எல்லோருடைய நாவிலும் இது தானாகவே வந்துவிடுகிறது. டென்னிஸ் பந்தய முடிவுகளை எழுதும் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. எவரும் எதிர்பாராத ஒருவன் ஜயித்துவிட்டால், ஜயித்தவனைப் பற்றி இரண்டு வரி. தோற்றவனைப் பற்றி இரண்டு பத்தி. தோற்றவனுக்கு உடம்புக்கு என்ன, முழங்காலில் வலியா, மனத்தில் கவலையா என்று நீண்ட ஆராய்ச்சி நடக்கிறது. ஜயித்தவனோ வழியில் கிடந்த பணப்பையைக் கண்டெடுத்தவன்போல் நடத்தப்படுகிறான். இது நியாயமல்ல என்பது நமது கட்சி. அதிலும் செம்மண் தரையில் நடக்கும் பந்தயங்களைப் பற்றி இப்படிப் பேசுவது நியாயத்துக்கு மட்டுமின்றி உண்மைக்கும் விரோதமாகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு விசாரிப்போம். ஆடவர் மட்டுமே ஆடும் மாண்டி கார்லோ பந்தயம் 1897-ம் வருஷத்தில் தோன்றியது. பெயர் மொனாக்கோ சமஸ்தானத்தைச் சேர்ந்ததாயினும், ஆடுகளம் எல்லைக்கு அப்பால் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. வெல்பவருக்கு 1000 புள்ளி அளிக்கும் ஒன்பது பெரும் பந்தயங்களில் மூன்று செம்மண்ணில் நடைபெறுகின்றன. அவற்றுள் வருஷந்தோறும் முதலில் வருவது இது. ஸ்பெயின் தேசத்து ரஃபேல் நடால் இங்கே பதினொரு முறை வாகை சூடியவர். 2005 முதல் 2012 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அவரே வென்றார். இப்படிப்பட்ட நடாலை 2019 ஏப்ரல் 20-ந் தேதி அரை இறுதி ஆட்டத்தில் இத்தாலியர் ஃபாபியோ ஃபோக்னினி 6-4, 6-2 என்ற கணக்கில் தோற்கடித்தார். யானைக்கு அடி சறுக்கிவிட்டது என்று உலகம் சொல்லிற்று.

சறுக்கியது ஒரு யானைதானா? அந்த வாரத்தின் முடிவுகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். முதல் ஸ்தானம் அளிக்கப்பட்டிருந்த நொவாக் ஜோகோவிச் கால் இறுதியில் ருஷ்யர் மெட்வடேவிடம் மூன்று செட்டுகளில் தோற்றார். இரண்டாம் ஸ்தானத்தவர் நடால். மூன்றாம் ஸ்தானத்து ஸ்வெரெவ் மூன்றாவது சுற்றில் அதே ஃபோக்னினியிடம் வீழ்ந்தார். நான்காம் ஸ்தானத்து டொமினிக் தீம் அதே சுற்றில் செர்பியர் டுசான் லயோவிச்சிடம் 6-3, 6-3 என்று தோற்றார். இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்றவர்கள் ஃபோக்னினியும் லயோவிச்சும். பின்னவர் உலக வரிசையில் 48-வது இடத்தில் இருந்தவர். அதற்கு முன் இச்சுற்றின் எந்தப் பந்தயத்திலும் இறுதி ஆட்டத்தை எட்டாதவர். ஃபோக்னினி 6-3, 6-4 என்று வென்றார். ஒரு யானை சறுக்கினால் தற்செயல் எனலாம். ஒரே வாரத்தில் நான்கு யானைகள் சறுக்கினால், வேறு எவரோ நன்றாக நடந்திருக்கிறார்கள் என்று ஊகிப்பதல்லவா புத்தி?

வழக்கின் வேரைத் தேடினால், அது நடால் ஆடிய அரை இறுதியில் இல்லை. முதல் சுற்றில் இருக்கிறது. அங்கே ஃபோக்னினி இளைஞர் ருப்லெவிடம் முதல் செட்டை 4-6 என்று இழந்து, இரண்டாவது செட்டில் 1-4 என்று பின்தங்கி நின்றார். இன்னும் இரண்டு கேம் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த நிலையிலிருந்து மீண்டு, 4-6, 7-5, 6-4 என்று ஜயித்தார். அடுத்த சுற்றில் எதிராளி ஆட வராமையால் ஓய்வு கிடைத்தது. அந்த அதிர்ஷ்டத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் கால் இறுதியிலும் முதல் செட்டை 1-6 என்று பறிகொடுத்த பிறகே வென்றார். அந்த முதல் சுற்று ஆட்டத்தைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்? நடாலின் தோல்விக்கு ஆன விதை அன்றுதான் மண்ணில் விழுந்தது.

பழைய ரிக்கார்டுகளும் சாட்சி சொல்லுகின்றன. 2015-ம் வருஷத்திலேயே ரியோவிலும் பார்ஸலோனாவிலும் ஃபோக்னினி நடாலை வென்றிருக்கிறார். இரண்டும் செம்மண் பந்தயங்கள். ஆகவே 2019-ல் நேர்ந்தது செம்மண்ணில் மூன்றாவது வெற்றி. இரண்டு முறை தீர்ப்பான வழக்கு மூன்றாம் முறையும் அப்படியே தீர்ப்பானால், அதை எதிர்பாராத சம்பவம் என்று கூறுகிறவர் பழைய தீர்ப்புகளைப் படிக்காத வக்கீலுக்கு ஒப்பானவர்.

இனிச் செம்மண்ணின் தன்மையைக் கவனிப்போம். செம்மண் என்று சொல்லுகிறோமே ஒழிய, அது வயல் மண் அல்ல. சுண்ணாம்புக் கல்லை நொறுக்கிப் பரப்பிய படுகையின் மேல், செங்கல்லை இடித்துத் தூளாக்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குத் தூவி வைத்த தரை. பந்து இதில் விழுந்ததும் வேகம் குறைந்து உயரமாக எழும்புகிறது. புல் தரையில் மின்னல்போல் பாய்ந்து புள்ளியை முடித்துவிடும் சர்வீஸ், இங்கே திரும்பி வருகிறது. மறுபடி அடித்தால் மறுபடியும் வருகிறது. ஒரே ஆயுதத்தை நம்பி வந்தவனுக்கு இங்கே பிழைப்பில்லை. கால், மூச்சு, பொறுமை, யுக்தி அத்தனையும் பரீட்சிக்கப்படுகின்றன. பந்து விழுந்த இடம் தரையில் தழும்பாகப் பதிகிறது. சந்தேகம் எழுந்தால் நடுவர் ஆசனத்தை விட்டு இறங்கி வந்து அத்தழும்பைப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம். 2025-ம் வருஷம் முதல் ஆடவர் தொழில்முறைச் சுற்றில் அந்த வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் மண்ணின் சாட்சியம் அழியவில்லை.

பழமொழியை இந்தத் தரைக்குக் கொண்டுவருவதில் வேறொரு வேடிக்கையும் உண்டு. செம்மண்ணில் அடி சறுக்குவது குற்றமே அன்று. பந்தை நோக்கி ஓடி, கடைசி இரண்டு முழத்தைச் சறுக்கியே கடந்து, சறுக்கிக்கொண்டே அடிப்பதுதான் அந்த ஆட்டத்தின் வித்தை. சறுக்கத் தெரிந்தவனே அங்கே ஆட்டக்காரன். சறுக்கத் தெரியாதவன்தான் விழுகிறான்.

“செம்மண்ணில்தானே வலியவர்கள் அசைக்க முடியாதவர்களாக இருக்கிறார்கள்? பாரிஸ் ரோலண்ட் காரோஸ் களத்தில் நடால் 112 ஆட்டங்களை வென்று நான்கில் மட்டுமே தோற்றார். அவருக்கு முன் ஸ்வீடன் தேசத்து பியார்ன் போர்க் 49 வென்று இரண்டில் தோற்றார்” என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். கணக்குச் சரியே. அந்தக் கணக்கு நமது கட்சியைத்தான் பலப்படுத்துகிறது. தற்செயலுக்கு இடமுள்ள தரையாயிருந்தால், இத்தனை வருஷங்களில் தற்செயல் அவர்களை ஐம்பது தடவை வீழ்த்தியிருக்கும். அப்படி வீழ்த்தவில்லை. ஆதலால் அவர்களை வீழ்த்தியவர்கள் தற்செயலால் வீழ்த்தவில்லை என்பது ஸ்பஷ்டம். போர்க்கின் இரண்டு தோல்விகளும், 1973-லும் 1976-லும், ஒரே மனிதரால் நேர்ந்தவை. அவர் இத்தாலியர் அட்ரியானோ பனாட்டா. ஒரே யானை ஒரே மனிதருக்கு முன்னால் மட்டும் இரண்டு தடவை சறுக்குமா?

நடாலின் முதல் பாரிஸ் தோல்வியையும் பார்ப்போம். 2009 மே 31-ந் தேதி ஸ்வீடன் தேசத்து ராபின் சோடர்லிங் அவரை நான்கு செட்டுகளில் வென்றார். அதற்கு முன் அக்களத்தில் நடால் ஆடிய 31 ஆட்டங்களிலும் அவருக்கே வெற்றி. இதே சோடர்லிங் சில வாரங்களுக்கு முன் ரோமாபுரியில் இதே நடாலிடம் 6-1, 6-0 என்று அடிபட்டவர்! அந்த அவமானத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து, பாரிஸில் வட்டியோடு தீர்த்தார். நடாலுக்கு முழங்கால் வலி என்று அன்று பேசினார்கள். வலி இருந்ததில் சந்தேகமில்லை; அவ்வருஷம் அவர் விம்பிள்டனுக்கும் போகவில்லை. ஆனால் சோடர்லிங் அதன்பின் டேவிடென்கோவையும் கொன்சாலஸையும் வென்று இறுதி ஆட்டம் வரை சென்றார். மறு வருஷம் அதே களத்தின் கால் இறுதியில் ரோஜர் ஃபெடரரையும் தோற்கடித்தார். நடாலுக்கு முழங்கால் வலி என்றால், ஃபெடரருக்கு எந்த வலி? 1997-ல் பிரேஸில் தேசத்து குஸ்தாவோ குவெர்த்தென் 66-வது இடத்திலிருந்து வந்து, பழைய சாம்பியன்களான முஸ்டர், கஃபெல்னிகோவ், புருகுவேரா மூவரையும் ஒரே பந்தயத்தில் வென்று பாரிஸ் பட்டத்தைக் கொண்டுபோனாரே, அந்த மூவருக்கும் எந்த வலி?

இப்படிச் சொல்வதால் பெரியவர்களின் பெருமைக்குக் குறை எதுவும் இல்லை. மாண்டி கார்லோ அரை இறுதியில் இரண்டாவது செட்டில் 0-5 என்று கிடந்தபோதும் நடால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. போராடி இரண்டு கேம்களை மீட்ட பிறகே களத்தை விட்டார். அத்தகையவரை வென்றவனுக்கு உரிய கௌரவத்தைக் கொடுப்பதே தோற்றவருக்கும் மரியாதை.

ஆனால் இது வெறும் புகழ்ச்சியைப் பற்றிய தகராறு என்று எண்ணிவிடக் கூடாது. எதிர்பாராத வெற்றியைத் தற்செயல் என்று கருதும் மனோபாவம் பந்தய விதிகளிலும் புகுந்திருக்கிறது. பலசாலிகள் ஆரம்பத்திலேயே ஒருவரோடொருவர் மோதாதபடி பட்டியலில் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை ‘ஸீட்’ என்கிறார்கள். அளவோடு இருந்தால் அதில் தவறில்லை. ஆனால் பெரும் பந்தயங்களில் 16 பேருக்கு இருந்த இந்தப் பாதுகாப்பு, 2001-ல் விம்பிள்டன் தொடங்கி 32 பேருக்கு விஸ்தரிக்கப்பட்டது. அன்று முதல் பாதுகாக்கப்பட்டவர்கள் மூன்றாவது சுற்றுக்கு முன் ஒருவரை ஒருவர் சந்திப்பதில்லை. மாண்டி கார்லோவிலோ முதல் எட்டு பேர் முதல் சுற்றே ஆட வேண்டியதில்லை. வேலி பயிருக்கு அவசியந்தான். வேலியே நிலத்தில் பாதியை அடைத்துக்கொண்டால் பயிர் எங்கே விளையும்?

விதிகளின் வேலியை விடப் பெரிய வேலி பணம். இதற்கு நமது தேசத்திலேயே சாட்சி உண்டு. 2023-ல் இந்தியாவின் முதல் ஒற்றையர் ஆட்டக்காரராயிருந்த சுமித் நாகல், தம் வங்கிக் கணக்கில் மிஞ்சியது 900 யூரோ அளவே என்று பத்திரிகையாளரிடம் கூறினார். தேசத்தின் முதல்வர் கதி இது! 2024 பிப்ரவரியில் சென்னையில் நடந்த சாலஞ்சர் பந்தயத்தை அவர் வென்று, உலக வரிசையில் முதல் நூறு பேருள் புகுந்தார். ஏப்ரலில் மாண்டி கார்லோ சென்று, தகுதிச் சுற்றில் இருவரை வென்று, முதல் சுற்றில் 38-வது ஸ்தானத்து இத்தாலியர் அர்னால்டியை 5-7, 6-2, 6-4 என்று தோற்கடித்தார். 1000 புள்ளிச் செம்மண் பந்தயம் ஒன்றின் பிரதான சுற்றில் ஓர் இந்தியர் ஒற்றையர் ஆட்டம் வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த சுற்றில் டென்மார்க்கின் ஹோல்கர் ரூனவிடம் ஒரு செட்டைப் பறித்த பிறகே பணிந்தார்.

இதையும் எதிர்பாராத வெற்றி என்றே எழுதினார்கள். எதிர்பாராதவர்கள் யார்? அவர் கையில் காசில்லாமல் ஊர் ஊராய்த் திரிந்தபோது பாராமல் இருந்தவர்கள். சென்னையில் அந்தச் சிறு பந்தயம் நடந்திராவிட்டால் ஏறுவதற்கு அந்தப் படி இருந்திராது. மாண்டி கார்லோவில் கேட்ட கரகோஷத்தில் நுங்கம்பாக்கத்துக்கும் பங்குண்டு. ஆகவே நாம் கேட்பது இதுதான்: டென்னிஸ் சங்கங்களும் செல்வந்தர்களும் சர்க்காரும், ஜயித்து வருகிறவனுக்கு விமான நிலையத்தில் மாலை போடுவதற்கு ஒதுக்கும் சிரத்தையில் கால்வாசியையாவது, 150-வது இடத்திலும் 300-வது இடத்திலும் நின்று தவிக்கிறவனுக்குப் பிரயாணச் செலவும் பயிற்சியாளர் சம்பளமும் கொடுப்பதில் காட்டட்டும். சாலஞ்சர் பந்தயங்கள் நமது நகரங்களில் வருஷத்துக்குச் சிலவற்றோடு நில்லாமல் தொடர்ச்சியாக நடக்கட்டும். செம்மண் தரையிலும் சில நடக்கட்டும்.

நேயர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வசந்த காலத்தில் மாண்டி கார்லோவிலும், மாட்ரிடிலும், ரோமிலும், பாரிஸிலும் செங்கல் தூள் பறக்கும்போது, பத்திரிகையில் இறுதி ஆட்டத்தின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முதல் நாளன்று சிறிய எழுத்தில் ஒரு மூலையில் அச்சாகும் முதல் சுற்று முடிவுகளையும் படியுங்கள். அவற்றில் ஒரு செட்டைத் தோற்று, இரண்டாவதில் 1-4 என்று பின்தங்கி, பிறகு மீண்ட ஒரு பெயர் இருந்தால், அதைக் கோடிட்டு வையுங்கள்.