புல்லுருவி அல்ல, ஆர்க்கிட்!

சேலம் ஜில்லாவில் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குப் புல்லுருவி என்றாலே கோபம் வரும். வருவது நியாயமே. கிளைக்குள் வேரைச் செலுத்தி, மரத்தின் சாரத்தை உறிஞ்சி, நாளடைவில் கிளையையே பட்டுப்போகச் செய்யும் துஷ்டச் செடி அது. அரிவாளுக்கு அது தப்பக்கூடாது. ஆனால் அதை வெட்டுகிற வேகத்தில், ஒரு பாவமும் அறியாத இன்னொரு செடியையும் சேர்த்துப் பிய்த்தெறிவது வழக்கமாகிவிட்டது. வார் போன்ற தடித்த இலைகளும், கயிறுபோல் தொங்கும் வெள்ளை வேர்களும் கொண்ட அந்தச் செடிதான் ஆர்க்கிட். மரத்திடம் அது கேட்பது நிற்க ஓர் இடம் மட்டுமே. ஆகாரத்துக்கு மழையும் காற்றும், பட்டையில் தங்கும் தூசியும் மக்கிய சருகும் போதும்.

இதைத் தாவர நூலார் 'வாண்டா டெஸெல்லேட்டா' என்பார்கள். 1795ல் வெளிவரத் தொடங்கிய சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய பெருநூலில், வில்லியம் ராக்ஸ்பரோ இதைப் படத்துடன் பதிவு செய்தார். வாண்டா என்பது சமஸ்கிருதச் சொல். அந்த மொழியிலும் அது ஒட்டுண்ணிச் செடிகளையே குறித்து வந்தது. ஆக, குழப்பம் பெயரிலேயே ஏறியிருக்கிறது. தோப்புக்காரரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. மஞ்சளும் பழுப்பும் கட்டம் கட்டமாகக் கோத்த இதழ்கள், நடுவே நீலம் பூத்த உதடு, மெல்லிய வாசனை. பூ ஒவ்வொன்றும் பல நாள் வாடாது. இத்தனையும் மாமரத்திலும் புளியமரத்திலும் காசில்லாமல் கிடைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வீட்டு மாமரத்துச் செடியைப் பிய்த்தெறிகிறவரே கோடை விழாவுக்கு ஏற்காடு போகும்போது அங்கே ஆர்க்கிட்டைக் கண்டு மயங்குகிறார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை அங்கே தேசிய ஆர்க்கிட் தோட்டம் ஒன்றை வைத்துப் பராமரித்து வருகிறது. பார்த்துவிட்டு வந்தால் பரவாயில்லை. இறங்கும் வழியில் காட்டு மரத்திலிருந்து ஒன்றைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம். சேலம் 1,000 அடிகூட இல்லை. மலையின் குளிர்ந்த இரவுக்கும் பனிமூட்டத்துக்கும் பழகிய செடி, சேலத்து மொட்டை மாடியில் ஒரு சித்திரையைத் தாண்டுவது அபூர்வம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இதற்கு நேர்மாறான தப்பைச் செய்தார்கள். ஆர்க்கிட் என்றால் எல்லாமே வெந்நீர் ஆவியில் வாழ்பவை என்று எண்ணி, மலைச் செடிகளையும் கண்ணாடிக் கொட்டகையில் அடைத்து வேகவைத்தார்கள். கப்பல் கப்பலாக வந்த செடிகள் மடிந்தன. ஒரு செடியின் தாய்வீடு எது என்று கேட்காமல் கொண்டுவந்தால் பலன் ஒன்றுதான்.

சமவெளிக்கு ஏற்ற ஆர்க்கிட்டுகள் ஏராளம். சிங்கப்பூரைப் பாருங்கள். ஆக்னஸ் ஜோகிம் என்ற பெண்மணியின் தோட்டத்துச் செடி 1893ல் புதிய கலப்பினமாக அறிவிக்கப்பட்டது. 1981ல் அந்நாட்டின் தேசிய மலராயிற்று. கொட்டகையோ குளிர்ச்சியோ இன்றி, பட்டப்பகல் வெயிலில் வேலி ஓரமாகப் பூக்கிற செடி அது. ஆனால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் உண்டு. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஐப்பசியில் இருக்கிற ஈரம் பங்குனியில் இருக்காது. 100 டிகிரியைத் தாண்டும் வெயிலைவிட, அதனுடன் வருகிற வறண்ட காற்றுதான் இங்கே செடியைக் கொல்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. வாண்டா போன்ற செடிகள் பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து காற்றை உள்ளிழுக்கும் இயல்புடையவை. வேரைச் சுற்றியுள்ள வெள்ளைத் தோல் பஞ்சுபோல நீரை உறிஞ்சும். நனைந்ததும் பச்சையாக மாறும். அந்தப் பச்சைதான் தண்ணீர் போதும் என்பதற்கு அடையாளம். காலையில் ஒரு முறை, கடுங்கோடையில் மாலையிலும் ஒரு முறை வேரை நனைத்து, செடிக்குக் கீழே தரையையும் ஈரமாக வைத்தால் போதும். மண் மட்டும் கூடவே கூடாது. துளையிட்ட சட்டியில் அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் போடலாம். இல்லையேல் தேங்காய் மட்டைத் துண்டுடன் கயிற்றால் மாமரத்தின் கிழக்குப் பக்கத்தில் கட்டிவிடலாம். பட்டை உரிகிற கொய்யா உதவாது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர் வேரில் வெள்ளையாகப் படிந்து கெடுக்கும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைப்பது நலம். செடிக்கு மட்டுமா என்று வீட்டு அம்மாள் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு.

விலைக்கு வாங்க விரும்புகிறவர்கள் காட்டுச் செடியைத் தேட அவசியமே இல்லை. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைக்க வேண்டிய ஆகாரம்கூட அதற்குள் கிடையாது. காட்டில் ஒரு வகைக் காளானின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். பூக்கப் பல வருஷமாகும். ஒரு செடியைப் பெயர்த்தால் ஈடு செய்வது அவ்வளவு கடினம். ஆனால் 1922ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன் என்ற விஞ்ஞானி, சர்க்கரை சேர்த்த ஊட்டக் கூழில் காளான் இல்லாமலே விதையை முளைக்க வைத்துக் காட்டினார். நர்சரிகளில் விற்கிற டென்ட்ரோபியமும் கலப்பின வாண்டாவும் அத்தகைய சோதனைக்கூடக் கண்ணாடிக் குப்பியில் பிறந்தவை. சமவெளி உஷ்ணத்தைத் தாங்குபவை. மலைக்குச் செய்த துரோகமும் இல்லை.

துரோகம் என்பது பெரிய வார்த்தையாகத் தோன்றலாம். அகஸ்தியமலை வட்டாரத்துக்கே உரிய செருப்பு வடிவ ஆர்க்கிட்டின் கதையைக் கேட்டால் அப்படித் தோன்றாது. கர்னல் ட்ரூரி 1865ல் கண்டெடுத்து, அவர் பெயராலேயே வழங்கும் மஞ்சள் மலர் அது. சேகரிப்பாளர்களின் பேராசையும் காட்டுத் தீயும் சேர்ந்து அதை அழிவின் விளிம்புக்குத் தள்ளின. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் வருஷத் திருத்தம் இந்த இனச் செடிகளைக் காட்டிலிருந்து பறிப்பதைத் தடை செய்தது. ஏற்காடு தோட்டத்தில் அதற்கு அடைக்கலம் கிடைத்திருக்கிறது.

வாண்டாவுக்கு இன்னும் அந்தக் கதி வரவில்லை. ஆனால் சாலையை அகலப்படுத்தும்போதெல்லாம் நூறு வயதுப் புளியமரங்கள் சாய்கின்றன. கிளையிலிருக்கும் செடிகள் விறகோடு போகின்றன. மரத்தை ஏலம் விடுகிற அதிகாரிகள், கோடரி விழுவதற்கு முன் ஒரு நாள் அவகாசம் தந்து, வனத்துறையையோ தோட்டக்கலைத் துறையையோ அழைத்தால் என்ன குறைந்துவிடும்? இறக்கிய செடிகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வேம்பிலும் கோயில் நந்தவனத்து மாமரத்திலும் கட்டிவிடலாம். ஆடி மழைக்குள் இந்த வேலை முடிந்தால், ஐப்பசிக்குள் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும்.