போன்ச்சோ இன்னும் ஃபேஷனா? கேள்வியே தப்பு!

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

குரோஷா ஊசியில் பின்னிய போன்ச்சோ ஃபேஷனில் இருக்கிறதா? 1970-களில் இருந்தது. அப்புறம் காணாமல் போனது. 2004-இல் திரும்ப வந்தது. 2006-இல் அதைப் போட்டவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 2014-இல் பர்பெரி கம்பெனி போர்வை போன்ற போன்ச்சோவில் மாடல்களின் பெயரெழுத்தைப் பொறித்து மேடையேற்றியது (அது பின்னியதல்ல, துணி. ஆனாலும் போன்ச்சோதானே?). 2020-இல் ஊர் உலகமெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது ஏராளமானவர்கள் குரோஷா ஊசியைக் கையில் எடுத்தார்கள். பின்னல் உடைகள் மறுபடி கடை ஏறின.

இந்தப் பட்டியலில் ஒவ்வொரு முறையும் ஜெயித்தவர் ஒருவர்தான். வாங்கியதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தவர்! தூக்கிப் போட்டவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் காசு கொடுத்தார்கள். போதுமா பதில்?

எனக்குப் போதவில்லை. இந்தக் கேள்வியையே கேட்கக்கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன்ச்சோ என்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்கள் உடை. நடுவில் தலை நுழைய ஓட்டை வைத்த கம்பளி, அவ்வளவுதான். குளிருக்குப் போர்வை, மழைக்குக் குடை, இரவில் படுக்கை. அதைத் தறியில் நெய்வார்கள். அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா நகரில் வருடா வருடம் ஜூலை மாதம் போன்ச்சோவுக்கென்றே திருவிழா நடக்கிறது. அங்கே போய் "இது இன்னும் ஃபேஷனில் இருக்கிறதா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். நம்மூரில் வேட்டி ஃபேஷனா என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்ப்பார்கள்.

வெளியே இருக்கும் நமக்கு அதை அறிமுகம் செய்தது சினிமா. 1964 முதல் 1966 வரை செர்ஜியோ லியோனி எடுத்த மூன்று கௌபாய் படங்களிலும் கிளின்ட் ஈஸ்ட்வுட் போன்ச்சோ போட்டுக்கொண்டு சுருட்டைக் கடித்தபடி வந்தார். தறியில் நெய்த அந்த வடிவத்தைப் பிறகு குரோஷா ஊசிக்கு மாற்றிக்கொண்டார்கள். நாம் பேசுகிற பின்னல் போன்ச்சோ அது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

ஸ்வெட்டரை மெஷின் பின்னும். குரோஷாவை மெஷின் பின்னாது. காரணம் ரொம்ப எளிது. ஸ்வெட்டர் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் வரிசையாகக் காத்திருக்கும். கண்ணிக்கு ஓர் ஊசி என்று வைத்துவிட்டால் மெஷின் கடகடவென்று ஓட்டிவிடும். குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் இருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் கொக்கி ஊசி ஏற்கெனவே பின்னிய இடத்தில் சரியான ஓட்டையைத் தேடிப் பிடித்து, உள்ளே நுழைந்து, நூலை இழுத்து வரவேண்டும். கண்ணும் விரலும் சேர்ந்து செய்கிற வேலை. ஆய்வுக்கூடங்களில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் கடைக்குச் சரக்கு அனுப்புகிற அளவுக்கு ஒரு மெஷினும் வரவில்லை. (ஆலைகளில் 'குரோஷே மெஷின்' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது பார்டர் லேஸ் மாதிரி சரக்கு போடும் மெஷின், அதன் பின்னல் முறையே வேறு.)

அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஷாப்பிங் மாலில் தொங்குகிற பின்னல் போன்ச்சோ நிஜமான குரோஷாவாக இருந்தால், அதை ஒரு மனுஷிதான் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். விலை 5000 ரூபாயாக இருந்தாலும் சரி, 799 ரூபாயாக இருந்தாலும் சரி.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெரிய ஆளுக்கான போன்ச்சோ பின்ன, கை பழகிய ஒருவருக்கு 30 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விலை 799. அதில் நூல் விலை, கடைக்காரர் லாபம், ஏஜென்ட் கமிஷன், லாரி வாடகை, வரி எல்லாம் போக 150 ரூபாய் பின்னியவர் கைக்குப் போனது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மணிக்கு 5 ரூபாய். ஒரு டீ கூட வராது. இந்த எண்கள் எல்லாம் நான் உதாரணத்துக்கு வைத்தவை. பிடிக்காவிட்டால் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 799-இல் ஆரம்பித்தால் நியாயமான கூலியில் போய் முடியவே முடியாது.

இது இன்றைக்கு நேற்று வந்த கதையும் இல்லை. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. பட்டினியைச் சமாளிக்க மடங்களிலும் ஊர்களிலும் பெண்களுக்குக் குரோஷா லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார்கள். மோனகன் மாவட்டத்தில் க்ளோன்ஸ் என்ற சின்ன ஊரில் பாதிரியார் மனைவி கசான்ட்ரா ஹேண்ட் என்பவர் தொடங்கி வைத்தது ஊர் பெயராலேயே 'க்ளோன்ஸ் லேஸ்' என்று புகழ்பெற்றது. சீமாட்டிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடையின் மோஸ்தர் மாறியது, மலிவான மெஷின் லேஸும் வந்தது. சீமாட்டிகள் அடுத்ததைப் பார்க்கப் போனார்கள். பின்னியவர்கள் வேலையிழந்தார்கள். ஃபேஷன் போச்சு என்பதற்கு வாங்குபவர் அகராதியில் ஓர் அர்த்தம், பின்னுபவர் அகராதியில் வேறு அர்த்தம்.

நம் பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள். ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டம், நரசாபூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் மூலம் கோதாவரிப் பகுதிக்கு வந்த குரோஷா லேஸ் இன்றும் அங்கே பெண்கள் கையில் இருக்கிறது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே போய் ஆய்வு செய்து 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள், ஏஜென்ட் வந்து வாங்கிப் போவார், சரக்கு கப்பல் ஏறும். சமையல், பிள்ளை, மாடு எல்லாம் பார்த்துக்கொண்டு தினம் பல மணி நேரம் பின்னிய இந்தப் பெண்களுக்குக் கிடைத்தது வயல் கூலியைவிடக் குறைவு. ஏற்றுமதி செய்தவர்களோ பணக்காரர்கள் ஆனார்கள். இது எப்படி நடந்தது? "அவங்க வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல பின்னறாங்க" என்ற ஒரே வாக்கியத்தால்தான். சும்மா இருக்கிறவளுக்கு எதற்குக் கூலி? 2024-இல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் அந்தக் குறியீடு ஊர் பெயரைத்தான் காப்பாற்றும். கூலியைச் சொல்லாது.

இப்போது மார்த்தா ஸ்டீவர்ட் கதை. அமெரிக்காவில் வீட்டு அலங்காரம், சமையல் என்று பெரிய வியாபாரம் செய்த பணக்காரர். ஒரு பங்கு விற்பனை விவகாரத்தில் விசாரணையாளர்களிடம் பொய் சொன்னதற்காக ஐந்து மாதம் சிறை. 2005 மார்ச் மாதம் வெளியே வந்தபோது அவர் தோளில் ஒரு குரோஷா போன்ச்சோ. கூட இருந்த ஒரு கைதி பின்னிக் கொடுத்த பரிசு! உலகமே பார்த்தது. ஒரு நூல் கம்பெனி உடனே அதே மாதிரி பின்னும் முறையை இலவசமாக வெளியிட்டது. ஊரெல்லாம் பின்னித் தள்ளினார்கள்.

அடுத்த வருடமே, 2006-இல், 'அக்லி பெட்டி' என்று ஒரு டிவி தொடர். கதாநாயகி ஃபேஷன் பத்திரிகை ஆபீஸில் வேலைக்குச் சேர்கிற முதல் நாள் 'குவாடலஹாரா' என்று எழுதிய சிவப்பு போன்ச்சோவோடு வந்து நிற்பாள். எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பணக்கார மார்த்தா போட்டால் ட்ரெண்ட். மெக்சிகோ குடும்பத்துப் பெண் போட்டால் காமெடி. ஃபேஷன் என்பது உடையைப் பற்றிய தீர்ப்பு என்று இன்னமும் நம்புகிறீர்களா?

இதற்கு எதிர்ப்புகள் வரும், தெரியும்.

"ஃபேஷன் இருந்தால்தானே ஆர்டர் வரும், ஆர்டர் வந்தால்தானே பின்னுகிறவருக்குச் சோறு?" என்பார்கள். சரி. ஆனால் ஃபேஷன் கொண்டுவருகிற ஆர்டர் எப்படி வரும் தெரியுமா? இந்த சீசனுக்குள் அவசரமாக, ஆயிரக்கணக்கில், மலிவாக. அடுத்த சீசன் கிடையாது. ஒரு கைத்தொழிலுக்குத் தேவை திடீர் மழை அல்ல, வற்றாத கிணறு. வருடம் பூராவும் கொஞ்சம் பேர் நல்ல விலைக்கு வாங்கினால் அவர்கள் பிழைப்பார்கள். ஒரே சீசனில் லட்சம் பேர் அடிமாட்டு விலைக்கு வாங்கினால் ஏஜென்ட் பிழைப்பார்.

"நாங்கள் ஸ்டூடன்ட்ஸ், நல்ல விலைக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. நானும் அதே கட்சிதான், பர்ஸைத் திறந்தால் காற்று வரும் :-) வாங்காதீர்கள், அவ்வளவுதான். ஆசையாக இருந்தால் ஒரு குரோஷா ஊசியும் நாலு பந்து உல்லன் நூலும் வாங்கி நீங்களே பின்னுங்கள். அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள். வாசல் தோரணமும் டிவி மேல் விரிக்கிற துணியும் பின்னிய தலைமுறை அது. முதல் இரண்டு நாள் விரல் வலிக்கும். மூன்றாம் நாள் கடையில் 799 என்ற சீட்டைப் பார்த்தால் வயிறு வலிக்கும். அதுதான் எனக்கு வேண்டும்.

"போலி எது, நிஜம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" கிட்டப் போய்ப் பாருங்கள். 'வி' எழுத்தை வரிசையாக அடுக்கியது மாதிரி தெரிந்தால் ஸ்வெட்டர் பின்னல், மெஷினாக இருக்கலாம். தடித்தடியாக முடிச்சு முடிச்சாக, தூண் தூணாக நின்றால் குரோஷா. குரோஷா என்று தெரிந்த பிறகு கேட்கவேண்டிய கேள்விகள் மூன்றுதான். யார் பின்னியது? எத்தனை மணி நேரம்? எவ்வளவு கொடுத்தீர்கள்? விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

முப்பது மணி நேரம் ஒருத்தி குனிந்து உட்கார்ந்து பின்னிய ஒரு பொருளை, மூன்று மாதத்தில் "இது பழசு" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நூல் இற்றுப்போகும்வரை போடுங்கள். கிழிந்தால் தைத்துப் போடுங்கள். நமக்குச் சின்னதானால் தங்கைக்குக் கொடுங்கள். யாராவது "இன்னுமா இதைப் போடுகிறாய்?" என்று கேட்டால், "ஆமாம், பின்னியவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்" என்று சொல்லுங்கள்.

டிஸ்கி: சென்னை வெயிலில் போன்ச்சோ போட்டுக்கொண்டு காலேஜுக்கு வரச் சொல்லவில்லை. மயங்கி விழுந்தால் நான் பொறுப்பல்ல.