குணமானதற்குப் பணம் கொடுங்கள்!

2024 நவம்பரில் குஜராத்தின் போரிசானா கிராமத்தில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடந்தது. முகாமுக்கு வந்தவர்களில் 19 பேரை அகமதாபாத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். ஏழு பேருக்கு அவசர அவசரமாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். அவர்களில் இருவர் இறந்துபோனார்கள். தேவையே இல்லாமல் சிகிச்சை செய்யப்பட்டது என்று அரசு விசாரணை சொன்னது, கைதுகளும் நடந்தன. அந்தச் சிகிச்சைகளுக்கான பணம், ஏழைகளுக்காக அரசு நடத்தும் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து வர வேண்டியது.

குற்றவாளிகளைப் பிடித்தது சரி. ஆனால், அந்தக் குற்றத்துக்கு ஆசை காட்டிய ஏற்பாடு அப்படியேதான் இருக்கிறது. பிரதமரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகட்டும், நமது தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகட்டும், இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று ‘பேக்கேஜ்’ தொகை வைத்திருக்கிறார்கள். நெஞ்சுவலி என்று வருபவருக்கு மாத்திரை எழுதி, பீடியை நிறுத்தச் சொல்லி அனுப்பும் மருத்துவமனைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தால் பணம் உண்டு.

பணம் கேட்டு மருத்துவமனை அனுப்பும் கோப்பைப் பாருங்கள். ஆஞ்சியோகிராம் படம் இருக்கும். ஸ்டென்ட் அட்டைப்பெட்டியில் இருந்த ஸ்டிக்கர் இருக்கும். நோயாளியின் புகைப்படமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருக்கும். அந்த மனிதர் ஒரு மாதம் கழித்து மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாரா, மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா என்பது மட்டும் அதில் இருக்காது. ஸ்டென்ட்டின் வரிசை எண் வரை கேட்டு வாங்கும் அரசு, நோயாளி என்ன ஆனார் என்று கேட்பதில்லை.

செய்வதற்கெல்லாம் பணம் என்ற முறை மருத்துவத்தை எங்கே கொண்டுபோகும் என்பதைப் பிரசவ அறையிலேயே பார்க்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 63 பிரசவங்களுக்கு மேல் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் அது 36. இதுவும் குறைவான எண்ணிக்கை அல்ல. இந்த வித்தியாசத்துக்குப் பணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பணத்துக்குப் பங்கே இல்லை என்று யார் சொன்னாலும் நாம் நம்பப் போவதில்லை.

மாற்று வழி இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், டிஸ்சார்ஜ் ஆன 30 நாள்களுக்குள் அளவுக்கு மீறி நோயாளிகள் திரும்பி வந்து சேரும் மருத்துவமனைகளுக்கு 2012 அக்டோபரிலிருந்து பணத்தைக் குறைத்துவருகிறது; இப்போது இந்தக் குறைப்பு 3 சதவிகிதம் வரை போகும். மூட்டு மாற்று சிகிச்சைக்கு, ஆபரேஷன் முதல் அடுத்த 90 நாள்கள் வரையிலான மொத்தச் செலவுக்கும் மருத்துவமனையே பொறுப்பு என்ற முறையை 2016-ல் பல நகரங்களில் கொண்டுவந்தது. மேரிலாந்து மாநிலம் இன்னும் ஒருபடி மேலே போனது. 2014 முதல் அங்கே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு வருமானம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது. படுக்கை நிறைந்தால் லாபம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. சர்க்கரை நோயாளியை ஆஸ்பத்திரிக்கே வராமல் பார்த்துக்கொள்வதுதான் லாபம். ஐந்தாண்டுகளில் மெடிகேருக்கு 330 மில்லியன் டாலர் மிச்சம் பிடிப்பது இலக்கு. அதைத் தாண்டியே மிச்சப்படுத்தினார்கள்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. நோயாளியின் திருப்தி, மறு அனுமதி, கைக்காசுச் செலவு, உறுதியான புகார்கள், உடல்நலத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் ஆகிய ஐந்தையும் வைத்து மருத்துவமனைகளை அளக்கப்போவதாக, பிரதமரின் திட்டத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம் 2023 ஜனவரியில் அறிவித்தது. நல்ல அறிவிப்பு. அளந்தால் போதாது, பணம் அதன்படி போக வேண்டும். தரத்துக்கென்று பிரதமரின் திட்டத்தில் வகுக்கப்பட்ட 10, 15 சதவிகிதக் கூடுதல் தொகை, என்.ஏ.பி.ஹெச். எனும் தரச் சான்றிதழ் வைத்திருக்கும் மருத்துவமனைகளுக்கானது. பதிவேடும் நடைமுறையும் ஒழுங்காக இருப்பதற்கு அந்தச் சான்றிதழ் சாட்சி சொல்லும். படுத்தவர் எழுந்தாரா என்பதற்குச் சொல்லாது.

அவசரப்பட்டால் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் அபராதத்துக்கு அஞ்சிய மருத்துவமனைகள், திரும்பி வந்தவர்களை அட்மிஷன் போடாமல் ‘கண்காணிப்பு’ என்று வைத்துக்கொண்டதாகப் புகார் எழுந்தது. இதயச் செயலிழப்பு நோயாளிகளின் இறப்பு கூடியதோ என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நம் ஊரில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பணம் தீர்ந்து, கைவிரிக்கப்பட்டு, கடைசி நேரத்தில் வரும் உயிர்களையெல்லாம் ஏற்றுக்கொள்பவை அரசு மருத்துவமனைகள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையையும், தேர்ந்தெடுத்து நோயாளிகளைச் சேர்க்கும் கார்ப்பரேட் மருத்துவமனையையும் ஒரே தராசில் வைப்பது அநீதி. வயது, இணை நோய்கள், வந்து சேர்ந்தபோது இருந்த நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும்.

தமிழக அரசு இதைச் செய்ய முடியும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகும் பெண்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 104 சுகாதார உதவி எண் இருக்கிறது. ஸ்டென்ட், மூட்டு மாற்று ஆகிய இரண்டோடு மட்டும் தொடங்கட்டும். பேக்கேஜ் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, 90 நாள் கழித்து நோயாளியிடம் கேட்டறிந்த பிறகு கொடுக்கட்டும். வீட்டுக்குப் போய்க் கேட்கும் ஊழியருக்கு அந்த வேலைக்குத் தனி ஊதியம் தர வேண்டும். இருக்கிற சுமையோடு சேர்த்து ஏற்றக் கூடாது. இவை எல்லாம் காப்பீட்டு நிறுவனத்தோடு அடுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். எந்த மருத்துவமனையில் எத்தனை பேர் குணமானார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், யாரிடம் கைக்காசு வாங்கினார்கள் என்ற பட்டியலை மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும்.