சட்டம் யாரைக் காத்தது?



1977 வன்செயலில் தோட்டங்களை விட்டு ஓடிவந்த நம்மவர்களை வவுனியாவில் குடியமர்த்த உழைத்தது காந்தீயம். அதன் முன்னோடிகளுள் ஒருவரான டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார். காவலில் வைத்தவரையே அரசு காக்கவில்லை.

1979இல் தற்காலிகமாக வந்த சட்டம், 1982இல் நிரந்தரமானது. 2019 உயிர்த்த ஞாயிறன்றும் அது கையில் இருந்தது. முன்கூட்டியே எச்சரிக்கையும் கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் 250க்கும் மேற்பட்டோர் பலியாகினர். அன்று குறைவாயிருந்தது அதிகாரமல்ல, பொறுப்பு.

பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலமே சாட்சியாகும் இச்சட்டம் நமக்குப் பாதுகாப்பல்ல, பயம். குண்டு வைப்பவனைத் தண்டிக்கச் சாதாரண சட்டமே போதும். பெயர் மாற்றம் வேண்டாம். சட்டத்தை முழுமையாக நீக்குங்கள் என்று ஒன்றாகக் கேட்போம்.